கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி: கைடு டீச்சர் ஆகப்போகிறவருக்கு

அன்புள்ள சார்,

வணக்கம். இந்த முறை நம் பள்ளிக்குப் பயிற்சிக்கு வருகிற பி.எட். மாணவர்களில் கணக்குக்கு வருகிறவரை ஹெச்.எம். உங்களிடம் விட்டிருக்கிறார். பள்ளியில் அவருக்கு வழிகாட்டும் கைடு டீச்சராக இருப்பது உங்களுக்கு இதுதான் முதல் தடவை. "அவங்க எழுதுற பயிற்சி ரெக்கார்டில் கையெழுத்துப் போடுறதுதானே சார்" என்று ஸ்டாஃப் ரூமில் யாராவது இதற்குள் சொல்லியிருப்பார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுவான என்.சி.டி.இ.யின் 2014 விதிமுறைகள் வந்த பிறகு பி.எட். 2 ஆண்டுப் படிப்பாகிவிட்டது. பள்ளியில் செலவிட வேண்டிய காலம் 20 வாரம்: முதலாண்டில் 4, இரண்டாமாண்டில் 16. ஓராண்டுப் படிப்பாக இருந்தபோது 40 நாள் டீச்சிங் பிராக்டிஸ்தான். நாள் கூடியிருக்கிறது, சரி. ஆனால் அந்த நாள்களை மேற்பார்க்கக் கல்லூரிப் பேராசிரியர் எப்போதாவதுதான் வருவார். ஒரு பாடவேளை உட்கார்ந்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் நீங்கள்தான்.

உங்களிடம் வரும் பயிற்சி ஆசிரியர் வெறுங்கையோடு வரவில்லை என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் மைக்ரோ டீச்சிங் என்ற சிறுபாடப் பயிற்சி செய்திருப்பார். பாடம் எடுக்க 6 நிமிடம், கருத்துக் கேட்க 6, திருத்தி எழுத 12, மீண்டும் எடுக்க 6, மீண்டும் கருத்துக் கேட்க 6, ஆக 36 நிமிடச் சுற்று. எதிரே உட்கார்ந்து பிள்ளைகளாக நடித்தவர்கள் உடன் படிப்பவர்கள். அவர்களில் யாரும் தப்பாகப் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள். பாதியில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகக் கேட்டிருக்கவும் மாட்டார்கள். ஆகவே முதல் வாரம் அவர் திகைத்துப்போவது இயல்பு. அந்தச் சுற்றில் உருப்படியான பகுதி எதுவென்றால் 'மீண்டும் எடுப்பது'. பள்ளிக்கு வந்ததும் அதுதான் முதலில் காணாமல் போகிறது.

கல்லூரிக்கு முன்பே இன்னொரு பயிற்சியும் அவருக்கு நடந்திருக்கிறது. 12 வருடம் பெஞ்சில் உட்கார்ந்து ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறார். டான் லார்ட்டி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1975இல் இதைப் பார்த்தே பழகும் தொழிற்பயிற்சி என்றார். பெஞ்சிலிருந்து பார்க்கிற பிள்ளைக்கு ஆசிரியர் என்ன செய்கிறார் என்பது தெரியும், ஏன் செய்கிறார் என்பது தெரியாது. அந்த 'ஏன்' யாராலும் சொல்லப்படாவிட்டால், மூன்றாவது வாரம் கை ஓயும்போது அவர் தன் எட்டாம் வகுப்பு ஆசிரியரைப் போலவே பேசத் தொடங்குவார். நல்ல ஆசிரியராக இருந்திருந்தால் அதிர்ஷ்டம்.

முதல் வாரம் பாடம் எடுக்க விடாதீர்கள். "உட்கார்ந்து பாருங்க" என்று மட்டும் சொன்னால் மறுநாளே பின்னால் உட்கார்ந்து ரெக்கார்டு எழுத ஆரம்பித்துவிடுவார். எதைப் பார்க்க வேண்டும் என்று ஒன்றைக் கையில் கொடுங்கள். ஒரு தாளில் வகுப்பில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கட்டம் போடச் சொல்லுங்கள். நீங்கள் யாரிடம் கேள்வி கேட்டாலும் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. மணி அடித்ததும் பாருங்கள், கோடுகளெல்லாம் முன்வரிசையிலும் நடுவிலும் குவிந்து, சுவரோரம் காலியாகக் கிடக்கும். உங்கள் வகுப்புத் தாளும் அப்படித்தான் இருக்கும், மறைக்காதீர்கள். அடுத்த நாள், கேள்வி கேட்டபின் எத்தனை நொடியில் நீங்களே வாய் திறக்கிறீர்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். மேரி பட் ரோ என்பவர் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தபோது ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுத்தார்கள். அதை 3 நொடியாக்கியதும் பிள்ளைகளின் பதில் நீண்டது, "தெரியாது" என்பது குறைந்தது.

இரண்டாம் வாரம் மனக்கணக்கோ வீட்டுப்பாடம் சரிபார்ப்பதோ, 10 நிமிடம் மட்டும். மூன்றாம் வாரத்திலிருந்து நாளுக்கு ஒரு முழுப் பாடவேளை, போகப்போக இரண்டு. அதற்கு மேல் வேண்டாம். யாராவது லீவு என்றால் அந்த வகுப்புக்கு இவரை அனுப்பிவிடும் ஆசை எல்லாப் பள்ளியிலும் உண்டு. நாளுக்கு ஐந்து வகுப்பு ஓடுகிறவர் கற்றுக்கொள்வது வகுப்பில் சத்தம் வராமல் பார்த்துக்கொள்ள மட்டும்தான். அதற்குச் சுலபமான வழி, போர்டில் எழுதிப்போட்டு நோட்டில் எழுதச் சொல்வது. அது பலித்துவிடும், அதுதான் ஆபத்து. பலித்த வழியை யாரும் விடுவதில்லை. 30 வருட சர்வீஸும் அதிலேயே போய்விடும்.

இனி, பின்னால் உட்கார்ந்து நீங்கள் செய்ய வேண்டியது. ஆறாம் வகுப்பில் 1/2 + 1/3 நடத்துகிறார் என்று வையுங்கள். ஒரு பையன் 2/5 என்கிறான். "தப்பு, வேற யாரு?" என்கிறார். முன்வரிசைப் பெண் 5/6 என்கிறாள். "வெரி குட்." பாடம் நகர்ந்துவிடுகிறது. பார்க்க நல்ல வகுப்பு மாதிரியே இருக்கும். நீங்கள் நோட்டில் "கேள்வி கேட்கும் திறன் நன்று" என்று எழுதினால் அது யாருக்கும் உதவாது. நடந்ததை அப்படியே எழுதுங்கள்: '2/5 வந்தது. வேற யாரு என்றார். 5/6 வந்தது.'

வகுப்பு முடிந்ததும் அறிவுரையை ஆரம்பிக்காமல், "அந்தப் பையன் 2/5க்கு எப்படி வந்திருப்பான்?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள், 3 நொடி அவருக்கும் உண்டு. மேலே இருப்பதை மேலே, கீழே இருப்பதைக் கீழே கூட்டியிருக்கிறான் என்று அவரே சொல்வார். "தப்பு என்று அவனே கண்டுபிடிக்க என்ன செய்யலாம்?" என்பது அடுத்த கேள்வி. 2/5 பாதியைவிடக் குறைவு. கையில் பாதி இருக்க, அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் எப்படிக் குறையும்? இதைக் காட்ட ஒரே நீளத்தில் இரண்டு காகிதப் பட்டை போதும். ஒன்றை இரண்டாக மடித்து ஒரு பாதியையும், மற்றதை மூன்றாக மடித்து ஒரு பங்கையும் வண்ணம் தீட்டவும். பிறகு இரண்டையும் ஆறு ஆறு பங்காக மடித்தால் வண்ணப் பங்கு முதலாவதில் 3, இரண்டாவதில் 2, சேர்த்தால் ஆறில் 5. பட்டைகளின் நீளம் கொஞ்சம் மாறினாலும் எல்லாம் கெட்டுவிடும், அளந்து வெட்டச் சொல்லுங்கள். மறுநாள் இதே பாடத்தை 6-பியில் எடுக்கவிடுங்கள். கல்லூரியில் செய்த மறுகற்பித்தல் இப்போது நிஜப் பிள்ளைகளிடம்.

ஒரு நாளைக்கு இப்படி ஒரு விஷயம் போதும். குரல், போர்டு, கை எழுத்து, நேரம் என்று எட்டுக் குறை சொன்னால் எட்டும் அப்படியே இருக்கும்.

வகுப்பு நடக்கும்போது குறுக்கே திருத்த வேண்டாம். பிள்ளைகள் உங்கள் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தால் அன்றோடு அவர் 'டிரெய்னிங் டீச்சர்' ஆகிவிடுவார். போர்டில் கணக்கே தப்பாகப் போனால் என்ன செய்வது? முன்கூட்டியே ஒரு வாசகம் பேசிவைத்துக்கொள்ளுங்கள்: "டீச்சர், மூணாவது வரி இங்கேர்ந்து சரியாத் தெரியல, இன்னொரு தடவை வாசிங்க." வாசிக்கும்போது அவரே பிடித்துவிடுவார்.

ரெக்கார்டுக்கு வருகிறேன். பாடக்குறிப்பு, சாதனைத் தேர்வு, தனியாள் ஆய்வு என்று மூட்டையாகச் சேரும். போன வருடத்து அக்காவின் ரெக்கார்டைப் பார்த்து எழுதுவதும், கடைசி நாள் நாம் மொத்தமாகக் கையெழுத்துப் போடுவதும் ஊரறிந்தது. முழுவதையும் சீர்திருத்த உங்களால் முடியாது. ஒன்று செய்யலாம்: ஒவ்வொரு பாடக்குறிப்பின் அடியிலும் 'பிள்ளைகள் எங்கே தப்புவார்கள்?' என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அந்த வரி இல்லாமல் கையெழுத்து இல்லை. பழைய ரெக்கார்டில் அது இருக்காது. ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டின் 150 மதிப்பெண்ணில் குழந்தை வளர்ச்சிக்கும் கற்பித்தலுக்கும் 30. அந்த முப்பதையும் அள்ளியவர்கூட 2/5 என்று பதில் வந்தால் தடுமாறலாம்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பீர்கள். அதை ஹெச்.எம்.மிடம் இப்போதே கேட்டு வாங்குங்கள், பயிற்சி ஆசிரியர் வந்த பிறகு கேட்டால் டைம் டேபிள் இறுகிப்போயிருக்கும். அவர் பாடம் எடுக்கும் வேளைக்கு அடுத்த வேளை உங்கள் இருவருக்கும் ஓய்வாக இருக்க வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது. கிடைக்காவிட்டால் மதியம் சாப்பிட்ட பிறகு 10 நிமிடம். ஸ்டாஃப் ரூமில் வேண்டாம், அங்கே எல்லோருக்கும் காது உண்டு. காலியான வகுப்பறையில், அவர் எழுதிய போர்டை அழிக்காமல் வைத்துக்கொண்டு.

அன்புடன்,
உங்கள் சக கணக்கு ஆசிரியர்