நோட்டைக் கிழித்தவன் எழுதுகிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் வாசகர் கடிதம் பகுதியில் தண்டையார்பேட்டையிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். பிறந்தநாள் விழா ஒன்றில் மேஜிக் செய்ய வந்தவர் ஐநூறு ரூபாய் நோட்டை குழந்தைகள் கண்ணெதிரே நாலாகக் கிழித்தாராம், ரிசர்வ் வங்கிச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி இது ஜெயில் தண்டனைக்குரிய குற்றமாம், போலீஸ் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கேட்டிருந்தார். மெரூன் கலர் கோட்டு, கோட்டில் ஒரு பட்டன் இல்லை என்று அடையாளம் வேறு கொடுத்திருந்தார். அந்த ஆள் நான்தான். பட்டன் இன்னும் தைக்கவில்லை.

நான் வக்கீல் இல்லை. பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை, சனி ஞாயிறு ஆனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேஜிக் ஷோவுக்குக் கிளம்பிவிடுவேன், இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் இந்தக் காசு விஷயத்தில் சட்டத்தைத் தேடிப் படிக்க வேண்டிய நிலைமை எனக்கு முன்பே வந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

வாசகர் சொன்ன 27-ஆம் பிரிவு 1934-ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் இருப்பது உண்மை. ஒரே ஒரு வரிதான் அது. கிழிந்த, சிதைந்த, ரொம்ப அழுக்கான நோட்டை வங்கி மறுபடி புழக்கத்தில் விடக் கூடாது. அவ்வளவுதான். அந்தக் கட்டளை ரிசர்வ் வங்கிக்கு, உங்களுக்கும் எனக்கும் கிடையாது. நோட்டைக் கிழிப்பவனுக்கு இத்தனை வருஷம் என்று அந்தப் பிரிவில் ஒரு சொல் கூட இல்லை. வாட்ஸ்அப்பில் யாரோ கிளப்பிவிட்டது சுற்றிச் சுற்றி வந்து இப்போது உங்கள் பேப்பரிலும் ஏறிவிட்டது, அதுதான் என் வருத்தம்.

அதற்காக நோட்டைக் கிழிப்பது சும்மா விளையாட்டு என்று நான் சொல்ல வரவில்லை. நஷ்டம் வேறு வழியில் வரும். கிழிந்த நோட்டை மாற்றுவதற்கு 2009-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன, 2018-இல் புது நோட்டுகளுக்காகத் திருத்தினார்கள். இருபது ரூபாய் வரை உள்ள நோட்டில் பாதிக்கு மேல் ஒரே துண்டாக இருந்தால் முழுப் பணம். ஐம்பதும் அதற்கு மேலும் என்றால் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழுசு, 40-லிருந்து 80 வரை என்றால் பாதி, அதற்கும் கீழே போனால் ஒன்றும் இல்லை. ஆனால் வேண்டுமென்றே வெட்டியது, கிழித்தது என்று கவுன்ட்டரில் இருப்பவருக்குத் தெரிந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, கேட்டதைத் தள்ளுபடி செய்துவிடலாம். ஒரே ஆள் அப்படிப்பட்ட நோட்டுகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டு வந்தால் போலீஸுக்கும் சொல்லலாம். கருகிப்போன நோட்டை பேங்க் கிளையில் வாங்க மாட்டார்கள், ரிசர்வ் வங்கியின் ஆபீஸுக்கே போகச் சொல்வார்கள், நமக்கு அது ராஜாஜி சாலை, பீச் ஸ்டேஷன் பக்கம். பாரிமுனை பிளாட்பாரத்தில் கமிஷனுக்குக் கிழிந்த நோட்டு வாங்குகிறவர்கள் கூட நேராக வெட்டின நோட்டைப் பார்த்தால் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள்.

அப்புறம், அடுத்தவர் நோட்டை வாங்கி அவர் சம்மதம் இல்லாமல் நாசம் செய்தால் அது அவர் சொத்தை நாசம் செய்தது, அதற்குத் தனியாகச் சட்டம் உண்டு. அன்றைக்கு நான் வாங்கியது பிறந்தநாள் பையனுடைய அப்பாவின் நோட்டு. நம்பரைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் வாங்கினேன், அதே நம்பரோடு முழுசாக அவர் பாக்கெட்டுக்குப் போனது, இதையும் வாசகர் பார்த்திருப்பார், எழுதத்தான் மறந்துவிட்டார். கிழிந்தது எது என்று கேட்டால் சொல்ல மாட்டேன். அது என் பிழைப்பு.

இப்போது காசு விஷயத்துக்கு வருகிறேன், கூத்து அங்கேதான் இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மேடை ஏறுவதற்கு முன்னால் தலைமையாசிரியை அம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "சார், நோட்டு கிழிக்கிற ஐட்டம் மட்டும் வேண்டாம், கேஸ் கீஸ் ஆயிடும், அதுக்குப் பதிலா காசு ஐட்டம் ஏதாவது பண்ணுங்க" என்றார். நானும் சரி மேடம் என்று காசு ஐட்டம் செய்தேன். கைதட்டல் பிரமாதம். அதில் நான் பயன்படுத்தியது கொருக்குப்பேட்டையில் தெரிந்த லேத்காரர் கடைந்து கொடுத்த ஐந்து ரூபாய்க் காசு, அந்தப் பழைய கனமான காசு, ஒன்பது கிராம் இருக்கும். உள்பக்கத்தைக் கடைந்து எடுத்துவிட்டால் மூடி மாதிரி ஆகிவிடும், இன்னொரு காசின் மேல் தொப்பி போட்டது போல உட்காரும். (இதைச் சொன்னதற்கு எங்கள் ஆட்கள் என்னைத் திட்டப்போகிறார்கள்.) ஒரு ரூபாய்க் காசு இதற்கு ஆகாது, ஸ்டீல், டூல் சீக்கிரம் மழுங்கிவிடும் என்பார் லேத்காரர். ஆனால் ஸ்டீல் காசு காந்தத்தில் ஒட்டும், பழைய ஐந்து ரூபாய் ஒட்டாது, அதனால் காந்தம் வைத்துச் செய்கிற ஐட்டத்துக்கு ஸ்டீல் காசுதான்.

வீட்டுக்கு வந்து, அந்த அம்மா சொன்ன "கேஸ்" எது என்று தேட ஆரம்பித்தேன். தேடினால் கிடைத்தது 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டம். காசை உருக்கக் கூடாது, அழிக்கக் கூடாது, மீறினால் ஏழு வருஷம் வரை சிறை, அபராதம் வேறு. ஆக நோட்டைக் கிழிக்க வேண்டாம் என்று பயந்து என்னைத் தடுத்தவர், சட்டம் நிஜமாகவே பல் காட்டுகிற ஐட்டத்தைத்தான் மேடையில் செய்யச் சொல்லியிருக்கிறார். அவர் மேல் தப்பில்லை, எனக்கே தெரியாதே.

ஏன் காசுக்கு மட்டும் இவ்வளவு கடுமை என்று யோசித்துப் பார்த்தால் காரணம் இல்லாமல் இல்லை. காசில் இருக்கிற உலோகத்துக்கு விலை உண்டு. அந்தப் பழைய ஐந்து ரூபாயை எல்லை தாண்டிக் கடத்தி, உருக்கி, சவரம் செய்கிற பிளேடு அடித்தார்கள் என்று அப்போது பேப்பர்களில் வந்ததே. சில்லறைத் தட்டுப்பாடு வந்தால் உருக்குகிறவனைத்தான் பிடிக்க வேண்டும், அதற்குப் போட்ட வலை. ஆனால் ஏமாற்றுகிற எண்ணம் இருந்ததா இல்லையா என்று பழைய தண்டனைச் சட்டம் காசின் எடையைக் குறைக்கிற விஷயத்தில் கேட்டதே, அந்த மாதிரிக் கேள்வியை இதில் நான் பார்க்கவில்லை. மேஜிக்குக்கு, கைவினைக்கு என்று விலக்கும் பார்க்கவில்லை. சின்ன வயசில் கொருக்குப்பேட்டை தண்டவாளத்தில் காசை வைத்து, ரயில் போனதும் ஓடிப்போய் தட்டையான காசைப் பொறுக்கி, காந்தமாகிவிட்டதா என்று ஆணியில் ஒட்டிப் பார்க்காதவன் வடசென்னையில் உண்டா? அதையே இப்போது ஒருவன் செய்தால் எழுத்துப்படி அவனும் மாட்டுவான். கும்பெனிக்காரன் நாணயம் அடித்த தங்கசாலை இருக்கிற ஊரில் இது தெரியாமல் வளர்ந்திருக்கிறோம்.

இன்னொரு விசேஷம். அந்தச் சட்டத்தில் நாணயம் என்றால் என்ன என்று விளக்கம் கொடுக்கும்போது, ஒரு ரூபாய் நோட்டையும் சேர்த்திருக்கிறார்கள். ஏனென்றால் அதை வெளியிடுவது ரிசர்வ் வங்கி இல்லை, மத்திய அரசு, கையெழுத்தும் நிதித்துறைச் செயலாளருடையது. ஆகவே ஐநூறு ரூபாய் நோட்டைச் சுக்குநூறாக்கினால் தண்டனை என்று எழுதிவைக்கவில்லை, மொய்க்கவரில் வைக்கிற அந்த ஒரு ரூபாய்த் தாளை அழித்தால் அது "நாணயத்தை அழித்தது". நான் நாலைந்து தடவை படித்தேன், அப்படித்தான் இருக்கிறது.

அதே விளக்கத்தில் செல்லுபடியாகும் காசு என்றும் இருக்கிறது. 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு செல்லாக்காசு. அதனால் கடைந்தது, ஓட்டை போட்டது எல்லாம் இப்போது நாலணாவில்தான் வைத்திருக்கிறேன். ஒரே சங்கடம், பிள்ளைகளுக்கு நாலணா என்றால் தெரியவில்லை. "இது என்ன அங்கிள், டோக்கனா" என்று கேட்கிறார்கள். ஐந்து ரூபாய் செட் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்க வேண்டாம்.

இந்தக் குழப்பத்தில் பாதி எங்கள் தொழில் ஆட்களால் வந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் கற்றுக்கொள்கிற புத்தகம், வீடியோ எல்லாம் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே அரை டாலர் காசைக் கடைந்து, மடக்கி, ஓட்டை போட்டுக் கடையிலேயே விற்கிறார்கள், ஏனென்றால் அங்கே காசைச் சிதைப்பது ஏமாற்றும் நோக்கத்தோடு இருந்தால்தான் குற்றம், 331-ஆம் பிரிவு. நோட்டு விஷயத்தில் அவர்கள் சட்டம் கடுமை, மறுபடி புழங்க முடியாதபடி ஆக்க வேண்டும் என்று நினைத்து வெட்டினால், கிழித்தால் ஆறு மாதம் வரை சிறை, அது 333. அப்படியே நம் ஊருக்குத் தலைகீழ். அங்கே இருக்கிற மேஜிக்காரன் வீடியோவில் "நோட்டு ஜாக்கிரதை, காசு பரவாயில்லை" என்று சொன்னால் அதை அப்படியே இங்கே ஒப்பிக்கிறோம். ஆஸ்திரேலியாவில் அனுமதி இல்லாமல் இரண்டிலும் கை வைக்க முடியாது.

சரி, நிஜ நோட்டே வேண்டாம், டம்மி நோட்டு அச்சடித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் 182-ஆம் பிரிவு, பார்ப்பவர் ஏமாறுகிற அளவுக்கு நோட்டு மாதிரியே இருக்கிற எதையும் அச்சடிக்கவோ பயன்படுத்தவோ கூடாது என்கிறது. அபராதம் முந்நூறு ரூபாய் வரை. தொகை சின்னது, ஆனால் கள்ளநோட்டுப் பிரிவுகளுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிறது, ஸ்டேஷனில் போய் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை. பொம்மைக் கடை நோட்டு வைத்துச் செய்தால் முதல் வரிசைக் குழந்தையே சிரிக்கிறது.

வாசகரிடம் எனக்கு ஒரு சின்ன வழக்கு. அதே விழாவில் பையன் கழுத்தில் பத்து ரூபாய் நோட்டு மாலை போட்டிருந்தார்கள், ஒவ்வொரு நோட்டிலும் இரண்டு ஸ்டேப்ளர் பின். நோட்டை மாலையாகக் கட்டாதீர்கள், பந்தலில் தொங்கவிடாதீர்கள், ஆட்கள் மேல் வீசாதீர்கள் என்று ரிசர்வ் வங்கி பல தடவை கேட்டுக்கொண்டிருக்கிறது. பேங்குகளுக்கு ஸ்டேப்ளர் போடவே தடை. கச்சேரியில் பாடுகிறவர் மேல் நோட்டு பறப்பதை நம் ஏரியாவில் எத்தனை தடவை பார்த்திருக்கிறோம். அதைப் பற்றி அவர் ஒரு வரி எழுதவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் எழுதியது எனக்குக் குத்தியது. "குழந்தைகள் கண்ணெதிரே" என்று எழுதியிருந்தார் அல்லவா. விழா முடிந்த மறுநாள் எனக்குப் போன் வந்தது. அதே தெருவில் நாலாவது படிக்கிற ஒரு பையன், அவனுடைய ஆயா மீன் விற்கிறவர், மறுநாள் காசிமேட்டில் சரக்கெடுக்க வைத்திருந்த ஐநூறு ரூபாயை எடுத்து நான் செய்த மாதிரியே மடித்து, நாலாகக் கிழித்து, கைக்குள் வைத்து ஊதியிருக்கிறான். ஊதி ஊதிப் பார்த்துவிட்டு அழுதிருக்கிறான். இரண்டாகக் கிழித்திருந்தால் கூடப் பரவாயில்லை, ஒரே நோட்டின் இரண்டு துண்டும் தனித்தனியாக 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் முழுப் பணம் கிடைக்க வழி உண்டு. நாலு என்றால் ஒவ்வொன்றும் கால்வாசி. ஆயா டேப் ஒட்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார், பேங்கில் கையை விரித்துவிட்டார்கள். விதி அப்படி, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

அன்று சாயங்காலமே போய் ஐநூறு ரூபாயை ஆயா கையில் கொடுத்தேன். முதலில் வாங்க மாட்டேன் என்றார், "புள்ள பண்ணதுக்கு நீ என்னா பண்ணுவ" என்றார், அப்புறம் வாங்கிக்கொண்டார். பையன் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அந்த டேப் ஒட்டின நோட்டை நான் சரி செய்து தருவேனா என்று கேட்டான். அதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

அதனால் குழந்தைகள் ஷோவில் நோட்டு ஐட்டத்தை நிறுத்திவிட்டேன், சட்டத்துக்குப் பயந்து இல்லை. அதற்குப் பதிலாக இப்போது கிழித்து ஒட்டுவது உங்கள் பேப்பரைத்தான், வாசகர் கடிதம் வருகிற பக்கம் அளவுக்குச் சரியாக இருக்கிறது. போன சனிக்கிழமை வியாசர்பாடியில் நாலாகக் கிழித்தது அவருடைய கடிதம் வந்த பக்கம், முழுசாகத் திரும்பி வந்தபோது முன்வரிசையில் ஒரு தாத்தா கையில் வாங்கி ராசிபலன் இருக்கிறதா என்று பார்த்தார்.

இப்படிக்கு,
பகுதிநேர மேஜிக்காரன்,
பழைய வண்ணாரப்பேட்டை