அந்த இளைஞருக்கு நீங்கள் தந்த பதில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இதழின் கேள்வி–பதில் பகுதியில் 24 வயது இளைஞர் ஒருவர் எழுதியிருந்தார். தனக்கு ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு, வீட்டில் பெண் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள், கொஞ்ச நாளாக உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று. உங்கள் மருத்துவர் தந்த பதில்: 'உடற்பயிற்சி செய்யுங்கள், திருமணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்.' உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்ற வரிக்குப் பதிலே இல்லை. அச்சுக்குப் போகும் முன் உங்கள் அலுவலகத்தில் ஒருவர் கண்ணிலுமா அந்த வரி படவில்லை?

நானும் அந்த இளைஞரைப் போன்றவன்தான். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. என் இருபதுகளில் மதுரையில் ஒரு டாக்டர் இதே பதிலைத்தான் என் அப்பாவிடம் சொன்னார். அவர் எழுதிக் கொடுத்த மாத்திரையால் பகலெல்லாம் தூங்கி வழிந்தேன். கல்யாணத்துக்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை. அதற்காக இன்றுவரை அண்ணன் வீட்டு விசேஷம் எதற்கும் எனக்குப் பத்திரிகை வருவதில்லை.

என் நண்பன் சம்மதித்தான். அழைப்பிதழை என் கையில் கொடுத்து, "இனி சரியாயிடும்னு டாக்டரே சொல்லியிருக்கார்ண்ணே" என்றான். அவனை ஒரு கும்பல் ஏற்கெனவே மிரட்டிக் கொண்டிருந்தது. செல்போன் செயலியில் பழகி, தனியாக வரவழைத்து, வீடியோ எடுத்துவைத்துக்கொண்டு, மாதாமாதம் பணம் கறந்தார்கள். கல்யாணம் ஆனதும் தொகை கூடியது. இப்போது மனைவிக்கும் மாமனாருக்கும் அனுப்பிவிடுவோம் என்று சொல்ல முடிந்ததே! புகார் கொடுக்கப் போனால் அங்கே ஏன் போனாய் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும் என்று பயந்தான். ஒருநாள் போய்ச் சேர்ந்துவிட்டான். 'தீராத வயிற்றுவலி' என்று உங்கள் இதழில்தான் நான்கு வரிச் செய்தி வந்தது. அவனுக்கு வயிற்றுவலியே கிடையாது. முந்தின வாரம்தான் என்னோடு உட்கார்ந்து கறிதோசை சாப்பிட்டான். அந்தப் பெண்ணை ராசியில்லாதவள் என்று சொல்லிப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டாக்டரின் யோசனையில் அவளைப் பற்றி ஒரு சொல்லாவது இருந்ததா?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2022-ல் மட்டும் 1,70,924 தற்கொலைகள். காரணங்களில் குடும்பப் பிரச்சினை முதலிடம், நோய் இரண்டாமிடம். என் நண்பன் போன்றவர்கள் இந்த இரண்டு பத்தியில்தான் எங்கோ கிடப்பார்கள். எங்களுக்கென்று ஒரு பத்தி அதில் இல்லை. கல்யாண நெருக்கடி, மிரட்டல், வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்வது, பெற்றவர்களே பேச்சை நிறுத்திவிடுவது எல்லாம் சேர்ந்துதான் ஒருவனைச் சாவு வரை தள்ளுகின்றன. பிறந்த இயல்பு தள்ளுவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 1990-ல். வயது வந்தவர்கள் சம்மதத்தோடு கொள்ளும் தன்பாலுறவு 377-வது சட்டப்பிரிவின்படி குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2018 செப்டம்பரில். 2021-ல் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இயல்பை மாற்றுகிறேன் என்று சிகிச்சை தருவதைத் தடை செய்யச் சொன்னார். மறு ஆண்டே தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுக்கக்கேடு என்று மாநில மருத்துவ கவுன்சில்களுக்கு எழுதியது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் இந்தப் பதிலை வெளியிட்டீர்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

அதற்கு முன் 2013-ல், தன்பாலுறவைக் குற்றமாக்கிய அந்த 377 உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் மீண்டும் உயிர் பெற்றபோது, பண்பாடு பிழைத்தது என்று தலையங்கம் எழுதினீர்கள். நான் அனுப்பிய மறுப்பு வெளிவரவில்லை. பூங்காவில் போலீஸ் பிடித்த ஆண்களைப் பெயர், ஊர், படத்தோடு போட்டீர்கள். அவர்களில் ஒருவர் அதற்குப் பிறகு எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. அப்புறம், தற்கொலைச் செய்திகளுக்குப் பிரஸ் கவுன்சில் 2019-லேயே நெறிமுறை தந்திருக்கிறது. உங்கள் பக்கங்களில் இன்றும் இறந்தவர் படம் வருகிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், இது நோயல்ல, திருமணம் இதற்கு மருந்தல்ல என்று போடுங்கள். கீழே 104, 14416, சென்னை சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் 044-24640050 ஆகிய உதவி எண்களையும் போடுங்கள்.

அந்த இளைஞரின் முகவரியோ எண்ணோ உங்களிடம் இருந்தால், இதழ் வரும்வரை காத்திருக்க வேண்டாம். விவரம் தெரிந்த ஒருவரை விட்டு இன்றே பேசச் சொல்லுங்கள். வீட்டில் வேறு யாராவது போனை எடுத்தால் விஷயத்தைச் சொல்லிவிடாமல் வைத்துவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மதுரை வாசகர் ஒருவர்
(பெயரும் முகவரியும் தனித்தாளில் உள்ளன. வெளியிட வேண்டாம்.)