ஷீட்டை உடைக்காமல் இறக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வீடுகளைப் புதுப்பிப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில் தரை, வண்ணம், மின்கம்பி எல்லாம் இருந்தன. எங்கள் பக்கத்தில் முதலில் கழற்றப்படும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சென்ற மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டின் பின்கட்டை இடித்தார்கள். கூரையைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஜே போல்ட்டுகள் துருவேறிக் கழலாததால், ஷீட்டைச் சுத்தியலால் தட்டி உடைத்துத் துண்டுகளைக் கீழே வீசினார்கள். தேறிய இரண்டைக் குளியலறை மறைப்புக்காகக் கட்டிங் மெஷினில் அறுத்தபோது கிளம்பிய வெண்தூசி எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த துணிகள்வரை படிந்தது. அறுத்தவர் மூக்கில் கட்டியிருந்த துண்டை மாலையில் உதறி, தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டார்.

ஷீட் முழுதாக இருக்கும்வரை அதிலுள்ள கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) பெரும்பாலும் சிமெண்டின் பிடியிலேயே கிடக்கிறது. ஆகவே நல்ல நிலையிலுள்ள கூரையைப் பயந்துபோய்ப் பிரிக்க வேண்டியதில்லை. அறுக்கும்போதும் துளையிடும்போதும் உடைக்கும்போதும்தான் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கலந்து நுரையீரலின் ஆழத்துக்குப் போகின்றன. வெள்ளைக் கல்நார் உட்பட எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. நுரையீரல் உறையைத் தாக்கும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய், இழைகளைச் சுவாசித்தபின் வெளிப்படப் பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள், சிலருக்கு அதற்கும் மேலே ஆகும். "இருபது வருஷமா அறுக்கிறேன் சார், எனக்கு என்ன ஆச்சு?" என்று ஷீட் அறுத்தவர் கேட்டபோது, இருபது வருடத்தில் இந்த நோய் வெளிப்படாததால் தப்பித்துவிட்டதாக ஆகாது என்பதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நின்றேன்.

செய்ய வேண்டியது பெரிய வித்தையல்ல. பிரிக்குமுன் பூவாளியால் மெதுவாக நனைத்து, சுழலாத போல்ட்டை மட்டும் ஷீட்டில் படாமல் வெட்டிவிட்டு, முழு ஷீட்டாகக் கைமாற்றி இறக்க வேண்டும். மேலே ஏறி நிற்கக் கூடாது, பழைய ஷீட் ஆளைத் தாங்காமல் முறியும். துண்டும் துணி மாஸ்க்கும் இந்த இழைகளைத் தடுக்கா. நுண்துகள் வடிகட்டி கொண்ட, முகத்தில் இடைவெளியின்றிப் படியும் கவசம் வேண்டும். சிதறியதைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து, துணியையும் சேர்த்துத் தடித்த பாலித்தீனில் இரண்டு சுற்றாகக் கட்ட வேண்டும். பிள்ளைகள் அன்று அந்தப் பக்கமே வரக் கூடாது.

கட்டிய பிறகு எங்கே கொடுப்பது? 2018 நவம்பரில் கஜா புயல் பிய்த்தெறிந்த ஷீட்டுத் துண்டுகளைப் பள்ளம் நிரப்பவும் கோழிக்கூடு மறைக்கவும் பயன்படுத்தியவர்கள் நாங்கள். கல்நார் ஆலைத் தொழிலாளர்களின் மருத்துவப் பதிவேடுகளைக் குறைந்தது 40 ஆண்டுகள் பாதுகாக்கும்படி உச்ச நீதிமன்றம் 1995-இலேயே உத்தரவிட்டது. தெருவில் ஷீட் அறுக்கும் கொத்தனாருக்குப் பதிவேடே கிடையாது. இடிப்பதற்கு அனுமதி கேட்டு வருபவரிடம் கூரை எதனாலானது என்று நகராட்சி கேட்டு எழுதிக்கொண்டு, மாதம் ஒரு நாளாவது இந்தக் கழிவைத் தனியாக எடுத்துச் செல்ல வண்டி அனுப்ப வேண்டும். சென்ற மாதம் உடைத்து, குப்பை வண்டி ஏற்ற மறுத்த அந்தத் துண்டுகள் இன்னும் எங்கள் தெருமுனை மின்கம்பத்தடியில்தான் கிடக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்,
பட்டுக்கோட்டை.