மூன்று நோட்டுகளுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள பழைய மாணவிகளுக்கும் பெற்றோருக்கும், கொடுத்த ஒவ்வொருவருக்கும்,

நம் பள்ளி ஆய்வகத்துக்கான முழுத் தொகையும் சேர்ந்துவிட்டது என்று நேற்று மாலை 4.45-க்கு வங்கியிலிருந்து உறுதி வந்தது. கெடு 5 மணி. யார் கடைசி நேரத்தில் பின்வாங்கினார்கள், ஏன் 40 நாளில் பாதித் தொகையைப் புதிதாகத் திரட்ட வேண்டி வந்தது என்பதையெல்லாம் நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. கூடவே இருந்தவர்கள் நீங்கள்.

இன்று காலை அலுவலகத்தில் வந்து உட்கார்ந்ததும் கை தானாகப் போனை எடுத்தது. இன்றைக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று பட்டியலைப் பார்த்தேன். ஒருவரும் மிச்சமில்லை. போனைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் இதை எழுத ஆரம்பித்தேன்.

ரசீதும் முறையான கடிதமும் உங்களுக்குத் தனித்தனியாக வரும். பணம் வந்த இரண்டு நாளுக்குள் அவை கிளம்பிவிட வேண்டும் என்பது நானே போட்ட விதி. இந்த 40 நாளில் நானே அதைப் பலமுறை மீறிவிட்டேன். மன்னியுங்கள். அந்தக் கடிதத்தில் எழுத முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெரும்பாலும் ஒரே ஒருவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நன்கொடைப் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. இங்கேயும் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆனால் அலுவலக வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மணி அடித்த பிறகு ஓடி வருகிறவர்களின் பெயரை எழுதுவாரே அந்த அக்கா என்றால், இங்கே படித்த எல்லோருக்கும் தெரியும். தலைமையாசிரியைகள் ஏழு பேர் வந்து போனார்கள். ஸ்டூலும் அக்காவும் அப்படியே இருந்தார்கள். பணி ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது.

அவர் செய்தது என்ன என்று புரிய, பெண்கள் பள்ளிக்கு நிதி திரட்டுவதில் உள்ள ஒரு தலைவலியைச் சொல்ல வேண்டும். ஆண்கள் பள்ளி ஒன்றில் இதே வேலை பார்க்கும் நண்பர், பழைய மாணவர் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு வரிசையாகத் தேடிப் பிடித்துவிடுகிறார். சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கிற பெயர்தான் அவர்களுக்கு இன்றைக்கும் பெயர். நமக்கு அப்படியா? திருமணத்தோடு பலருக்குப் பெயர் பாதி மாறுகிறது, முகவரி முழுதாக மாறுகிறது, போன் எண் சில சமயம் வேறொருவர் பெயரில் இருக்கிறது. போன வருடம் பழைய முகவரிகளுக்கு நாங்கள் அனுப்பிய கடிதங்களில் முக்கால்வாசி திரும்பி வந்தன. நன்றாகப் படித்து, நல்ல வேலைக்குப் போய், கொடுக்கக்கூடிய நிலையிலும் மனதிலும் இருக்கிற நூற்றுக்கணக்கான பெண்கள் எங்கோ இருக்கிறார்கள். பள்ளிக்குத் தெரிந்ததெல்லாம் பதினேழு வயதில் அவர்கள் குடியிருந்த வீட்டின் கதவு எண்.

எட்டாவது நாள் சாயங்காலம் அக்கா ஒரு துணிப்பையோடு வந்தார். பையில் மூன்று நீள நோட்டுகள். முதல் நோட்டுக்கு அட்டையே இல்லை, சணல் நூலால் தைத்திருந்தது. மாற்றுச் சான்றிதழ் நகல் வாங்கவோ, மதிப்பெண் பட்டியலைத் தொலைத்துவிட்டுப் புதிதாகக் கேட்கவோ பழைய மாணவி யார் வந்தாலும், அக்கா அவளை நோட்டில் எழுத வைத்திருக்கிறார். எதற்கு என்று கேட்டேன். “சர்டிபிகேட்டு ரெடியானா சொல்றதுக்குத்தான். தபால்ல அனுப்பினா திரும்பி வந்துடும். திரும்பி வர்ற கடுதாசியைப் பார்த்தா எனக்குப் பிடிக்காது டீச்சர்” என்றார். (நான் டீச்சர் இல்லை என்று எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது.)

கோடு போட்டுப் பிரித்த ஐந்து பத்திகள். படித்து முடித்த வருடம், படித்தபோது பெயர், இப்போது பெயர், போன். ஐந்தாவது பத்தியின் தலைப்பு ‘அடையாளம்’. அது மட்டும் அக்காவின் கையெழுத்து. ‘மாடிப்படியில் விழுந்து கை ஒடிந்தவள்.’ ‘இரட்டையரில் குட்டை.’ ‘தினமும் லேட்டு, காரணம் சொல்ல மாட்டாள்.’ ஏறக்குறைய 300 பேர். நன்கொடையாளர் விவரங்களைப் பராமரிக்கப் பெரிய நிறுவனங்கள் பணம் கொட்டி மென்பொருள் வாங்குகின்றன. எந்த மென்பொருளிலும் இந்த ஐந்தாவது பத்தி இருக்காது.

நான் குதித்தேன். அப்போதே கணினியைத் திறந்து எண்களைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். அக்கா நோட்டின் மேல் கையை வைத்து மூடினார். “இது சர்டிபிகேட்டுக்காக அதுங்க குடுத்த நம்பர். நீங்க காசு கேக்கறதுக்குக் குடுக்கல.”

என் முகம் சுருங்கிப் போய்விட்டது. ஒரு காரியத்துக்காகத் தந்த விவரத்தை இன்னொரு காரியத்துக்கு எடுக்கக் கூடாது, சம்மதம் கேட்க வேண்டும் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு வகுப்பெடுப்பவள் நான். கெடு நெருங்கியதும் அது எனக்கே மறந்துவிட்டது. சரி, இப்போது என்ன செய்வது என்று விழித்தேன். “நான் கேக்கறேன்” என்றார் அக்கா.

அடுத்த பதினோரு நாள், தினமும் ஐந்திலிருந்து எட்டு மணி வரை, என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் போனிலிருந்து கூப்பிட்டார். பணம் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. “ஸ்டூல் அக்கா பேசறேன்” என்பார். எதிர்முனையில் ஒரு நொடி மௌனம், அப்புறம் கத்தல். மேசைக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்கும். குழந்தை எத்தனை, அம்மா எப்படி இருக்கிறார், அந்தக் கை இப்போது சரியாக மடங்குகிறதா என்றெல்லாம் பேசிவிட்டு, கடைசியில் ஒரே கேள்வி: “ஸ்கூல்லேருந்து உனக்கு லெட்டர் போடலாமா?”

போடலாம் என்றால் ஒரு டிக். போனிலும் பேசலாம் என்றால் இரண்டு டிக். வேண்டாம் என்றால் பெருக்கல் குறி. பெருக்கல் குறிக்குக் காரணம் கேட்க என்னை விடவில்லை. சில எண்களை வேறு யாரோ எடுத்து, யார், என்ன, எதற்கு என்று துருவினார்கள். அங்கெல்லாம் “ராங் நம்பர்” என்று சொல்லி வைத்துவிட்டு ஒரு வட்டம் போட்டார். “அவளுக்கு வீட்டுல என்ன கஷ்டமோ. நம்மால ஒண்ணு கூட வேண்டாம்.” வட்டம் போட்டவர்களில் நான்கு பேர் பிறகு தாங்களாகவே கூப்பிட்டார்கள்.

எதிர்பாராத இன்னொரு உதவியும் அவரிடமிருந்து வந்தது. நான் எழுதி வைத்திருந்த வேண்டுகோள் கடிதத்தை எடுத்துப் படித்தார். ‘மாணவியரின் அறிவியல் திறன் மேம்பாட்டுக்கான உட்கட்டமைப்பு நிதி’ என்று தொடங்கும் அது. எனக்கு ரொம்பப் பிடித்த வரி.

“இது எந்த ரூமு?”

“லேப், அக்கா.”

“அப்ப லேப்னு எழுதுங்க.”

அப்புறம் ‘தங்களால் இயன்றதை’ என்ற சொல்லில் விரலை வைத்தார். இதைப் படித்தால் எவ்வளவு கொடுப்பது என்று தெரியாமல் இல்லாதவள்தான் ராத்திரியெல்லாம் யோசிப்பாள் என்றார். அதனால் மொத்தத் தொகையை உடைத்தோம். ஒரு ஸ்டூல், ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு பர்னர், ஒரு நுண்ணோக்கி என்று தனித்தனி விலை போட்டோம். ஸ்டூல்தான் முதலில் தீர்ந்தது! தீர்ந்துவிட்டது என்று அறிவித்த பிறகும் ‘அக்கா ஸ்டூலுக்கு’ என்று குறிப்பு எழுதிப் பணம் வந்துகொண்டே இருந்தது. ஸ்டூலுக்கு என்று வந்ததைக் குழாய்க்குச் செலவழிக்க எங்களுக்கு உரிமை இல்லை. கொடுத்தவர் சொன்ன காரியம் தவிர வேறெதற்கும் அந்தப் பணத்தைத் தொட முடியாது. 14 பேருக்கு எழுதி அனுமதி கேட்டோம். 13 பேர் சரி என்றார்கள். ஒருவர் மட்டும், இல்லை, ஸ்டூல்தான் என்று பிடிவாதமாக நின்றார். ஆக, ஆய்வகத்தில் ஒரு ஸ்டூல் அதிகமாகவே இருக்கும்.

மற்றவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? அவரவர் தந்த பணத்தைக் கட்டட நிதிக்கு மாற்றிக்கொள்ள ஒரே நாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பழைய நன்கொடையாளர்கள், கணக்கைச் சரிபார்த்துவிட்டுக் கட்டணம் வேண்டாம் என்ற தணிக்கையாளர், சனி ஞாயிறெல்லாம் ரசீது எழுதிய இரண்டு ஓய்வுபெற்ற ஆசிரியைகள், மாதாமாதம் சிறு தொகை அனுப்புவதை இந்த நெருக்கடியிலும் நிறுத்தாதவர்கள் எல்லோருக்கும் வணக்கம். காசோலையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் நிற்கிற மாதிரி படம் வேண்டும் என்று கேட்ட ஒரு பெரியவரிடம் தலைமையாசிரியை முடியாது என்றார். அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, “ஆமாம்மா, தப்புதான்” என்று காசோலையைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த ஒரு நிமிடத்துக்குத் தனி நன்றி.

முதல் அழைப்பிலேயே ‘இல்லை’ என்று சொன்னவர்களுக்கும் நன்றி. கிண்டல் இல்லை. இந்த வேலையில் ஆளைக் கொல்வது ‘இல்லை’ அல்ல, ‘பார்க்கலாம்’. உடனே மறுத்தவர்கள் எனக்கு ஒரு வாரம் மிச்சம் பிடித்துத் தந்தார்கள்.

அரசு நடத்துகிற பள்ளிக்கு எதற்கு நன்கொடை என்று கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். சம்பளமும் அன்றாடச் செலவும் அரசுப் பணத்தில் நடக்கின்றன. ஒழுகுகிற ஆய்வகம் வரிசையில் நிற்க வேண்டும். வரிசை நகர்வதற்குள் இரண்டு தொகுதிப் பிள்ளைகள் பரிசோதனையைப் படத்தில் மட்டும் பார்த்துவிட்டு வெளியே போய்விடுவார்கள். யாரிடம் எவ்வளவு வாங்கினாலும் அதற்கும் சேர்க்கைக்கும் சம்பந்தம் கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த 40 நாளில் இரண்டு பேர் ஜாடையாகக் கேட்டார்கள். இரண்டு தொகையையும் வேண்டாம் என்றோம்.

தூக்கம் வராத ஒரு ராத்திரி மேரி கியூரியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். ரேடியத்தைக் கண்டுபிடித்தவரின் ஆய்வகத்தில் 1920-இல் இருந்ததே ஒரு கிராம் அளவு ரேடியம்தான். ஆராய்ச்சிக்கு இன்னொரு கிராம் வேண்டும் என்றார். விலை 1 லட்சம் டாலர். மேரி மெலோனி என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் அதைத் திரட்டக் கிளம்பினார். பத்துப் பணக்காரப் பெண்கள் தலைக்குப் பத்தாயிரம் கொடுத்தால் முடிந்தது என்று முதலில் கணக்குப் போட்டார். பத்துப் பேர் தேறவில்லை. பிறகு நாடு முழுக்கப் பெண்களிடம் சிறுகச் சிறுகத் திரட்டினார். 1921 மே 20 அன்று வெள்ளை மாளிகையில் அதிபர் ஹார்டிங் அதை கியூரியிடம் கொடுத்தார்.

எனக்குப் பிடித்தது அதற்கு முந்தின நாள் ராத்திரி நடந்தது. கொடைப் பத்திரத்தை கியூரியிடம் காட்டுகிறார்கள். ரேடியம் அவருக்கே சொந்தம் என்கிற மாதிரி எழுதியிருக்கிறது. தனக்குப் பிறகு அது குடும்பச் சொத்தாகிவிடக் கூடாது, ஆய்வகத்துக்குத்தான் சேர வேண்டும் என்று சொல்லி, அன்று ராத்திரியே வழக்கறிஞரை வரவழைத்துப் பத்திரத்தை மாற்ற வைக்கிறார். விடிந்தால் விழா! படித்துவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். பெரிய தலைகளை நம்பிக் கணக்குப் போடுவது 1920-களிலேயே தோற்றிருக்கிறது. பத்திரத்தில் இருக்கிற ஒரு வரிக்காக ராத்திரியில் ஆளை எழுப்பலாம் என்பதும் அப்போதே தெரிந்திருக்கிறது.

எனக்கு நானே இரண்டு சத்தியம் செய்துகொண்டிருக்கிறேன். ஒன்று, கையில் வராத தொகையைக் கணக்கில் எழுத மாட்டேன், எவ்வளவு பெரிய இடத்து வாக்குறுதியாக இருந்தாலும். இன்னொன்று பதிவேடு சம்பந்தப்பட்டது. எங்கள் நன்கொடைப் பதிவேட்டில் தேதி, பெயர், தொகை, ரசீது எண் என்று நான்கு பத்திகள். தொகை இல்லாவிட்டால் அந்த வரியே கிடையாது. அக்காவை எங்கே எழுதுவது என்று நேற்று ராத்திரி அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று காலை ஸ்கேல் வைத்து ஐந்தாவதாக ஒரு பத்தி போட்டேன். தலைப்பு இன்னும் எழுதவில்லை.

நோட்டுகளை அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம். சம்மதம் சொன்னவர்களின் விவரம் மட்டும் எங்களிடம் இருக்கிறது. பெருக்கல் குறிகளும் வட்டங்களும் அவரோடு போய்விட்டன. வாங்கும்போது ஒரு தடவை புரட்டிப் பார்த்து, ஏதாவது பக்கத்தைக் கிழித்திருக்கிறோமா என்று சரிபார்த்துக்கொண்டார். ஆய்வகத் திறப்பு அன்று முன்வரிசையில் உட்கார வர வேண்டும் என்று கேட்டேன். முன்வரிசை வேண்டாமாம். வாசல் பக்கம் ஒரு ஸ்டூல் போட்டால் போதுமாம், யார் யார் லேட்டாக வருகிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம்.

திறப்பு நாள் முடிவானதும் அழைப்பு வரும். அதற்குள் யாருக்காவது வீடு மாறினாலோ எண் மாறினாலோ அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். கடிதம் திரும்பி வந்தால் அவரிடம் பதில் சொல்ல வேண்டியவள் நான்.

நன்றியுடன்,
நிதி திரட்டல் பொறுப்பாளர்
(டீச்சர் இல்லை)