இரவு 2 மணிக்கு வந்து கற்றுக்கொடுங்கள்

மக்கள் நல்வாழ்வுத் துறையில் பயிற்சிகளுக்குத் திட்டம் போடும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். எந்த ஊர் என்று சொல்லவில்லை. சொன்னால் பேச்சு அந்த மருத்துவமனையைச் சுற்றியே போகும். எங்களுக்குத் தரும் அவசர சிகிச்சைப் பயிற்சியைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நைட் டூட்டி. கடலில் மூழ்கிய பையன் ஒருவனை ஆட்டோவில் தூக்கிவந்தார்கள். 14, 15 வயதிருக்கும். வழியெல்லாம் வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்கப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் பக்கமும் லட்சணமாக இல்லை. நான் எடுத்தவுடன் நெஞ்சை அழுத்தத் தொடங்கினேன். மூழ்கியவனுக்கு முதலில் கொடுக்க வேண்டியது மூச்சு, அப்புறம்தான் நெஞ்சு அழுத்தம். படித்ததுதான், ஆனால் அந்த நேரத்தில் கைக்கு வரவில்லை. கையால் அமுக்கி மூச்சுக் காற்று கொடுக்கும் ஆம்பு பை பக்கத்திலேயே இருந்தது. ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்கும் சாவி அடுத்த வார்டில் இருந்தது. மாஸ்க் முகத்தில் படியாமல் காற்று ஓரமாகப் போய்க்கொண்டே இருந்தது. ஒருவர் இரண்டு கையாலும் மாஸ்க்கைப் பிடிக்க, இன்னொருவர் பையை அமுக்கலாம் என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. டாக்டர் குவார்ட்டர்ஸிலிருந்து ஓடிவருவதற்குள் 6, 7 நிமிடம் போய்விட்டது.

பையன் பிழைக்கவில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று சொல்ல வரவில்லை. சாவி எங்கே இருக்கிறது என்றாவது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதில் கொடுமை, அதற்கு நாலு மாதம் முன்புதான் மதுரையில் 2 நாள் பயிற்சி முடித்து வந்திருந்தேன். நல்ல பயிற்சிதான், குறை சொல்ல மாட்டேன். ஏசி ஹால், அழுத்திப் பழக ஒரு புது டம்மி பொம்மை, நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 சென்டிமீட்டர் ஆழம். தேர்விலும் தேறினேன். ஆனால் அந்த ஹாலில் யாரும் சிலிண்டர் சாவியைத் தேட வேண்டியிருக்கவில்லை. என்னோடு டூட்டி பார்க்கிற டாக்டரோ, வார்டு வேலை பார்க்கும் அக்காவோ, 108 தம்பியோ அங்கே இல்லை. இப்படிப்பட்ட சான்றிதழ்களுக்கு 2 ஆண்டு ஆயுள் கொடுக்கிறார்கள். கைப்பழக்கமோ 3 முதல் 6 மாதத்திலேயே மங்கத் தொடங்கிவிடுகிறது. ஆய்வுகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட விஷயம்தான் இது.

ஆகவே கேட்பது ஒன்றுதான். எங்களில் ஒருவரை மதுரைக்குக் கூப்பிடுவதற்குப் பதில், பயிற்சியை எங்கள் கேசுவால்ட்டிக்கு அனுப்புங்கள். ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கிருந்து ஓர் ஆசிரியரும் ஒரு டம்மியும் 3 மாதத்துக்கு ஒருமுறை வேனில் கிளம்பினால், தொண்டி, மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை, சாயல்குடி என்று கரையோரமாகவே ஒரு சுற்று வந்துவிடலாம். அன்றைக்கு டூட்டியில் இருக்கிற ஆட்களே போதும். அதே கட்டில், அதே சிலிண்டர். 20 நிமிடம் ஒத்திகை, அப்புறம் எதைத் தவறவிட்டோம் என்று உட்கார்ந்து பேச்சு. அந்தப் பேச்சிலிருந்து மெமோ மட்டும் வரக்கூடாது. வரும் என்று தெரிந்தால் ஒருவரும் வாய் திறக்க மாட்டோம்.

பாடமும் எங்கள் கடலுக்கு ஏற்றதாக இருக்கட்டும். வலையில் ஏறிய கடல் பாம்பு கடித்து ஒருவர் வருகிறார். கடிவாயில் வலியும் வீக்கமும் பெரிதாக இருக்காது. கூட வந்தவர்கள் "விஷ ஊசி போடுங்க சிஸ்டர்" என்று நெருக்குவார்கள். நம் கையில் இருக்கிற ஊசி நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் உண்டானது. கடல் பாம்புக்கு அது உதவாது. சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் சதை வலிக்கும், சிறுநீர் கறுக்கும், மூச்சு தளரும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயமே நிற்கலாம். மூச்சையும் சிறுநீரின் நிறத்தையும் ஈசிஜியையும் விடாமல் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தந்தது ஒரு சீனியர் சிஸ்டர். எந்தப் பயிற்சியிலும் இது வந்ததில்லை. திருக்கை முள் குத்தினால் பொறுக்கிற சூட்டில் சுடுதண்ணீரில் வைக்க வேண்டும் என்பதை மீனவர்களே எங்களுக்குச் சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்வது சரி. குழாயில் வரும் காற்றைச் சுவாசித்தபடி ஆழத்துக்கு முங்கிவிட்டு வேகமாக மேலே வந்தவர் மூட்டு வலி, கை மரத்துப்போச்சு என்று வந்தால்தான் சிக்கல். அது உடம்புக்குள் உருவான நைட்ரஜன் குமிழியின் வேலை என்று தோன்றாவிட்டால் வலி ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். அவருக்கு அந்த நிமிடமே முழு ஆக்சிஜன் வைக்க வேண்டும்.

ரெஃபர் செய்து அனுப்புவதும் பயிற்சிக்குரிய வேலைதான். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரத்துக்குக் கிட்டத்தட்ட 55 கிலோமீட்டர், அதுவும் பாம்பன் பாலம் ஒன்றின் வழியாக. தொண்டையில் குழாய் போட்ட நோயாளிக்கு அவ்வளவு தூரமும் ஆம்பு பை அமுக்கிக்கொண்டே போக வேண்டும். 6 விநாடிக்கு ஒரு தடவை போதும். பயத்தில் கை 2 விநாடிக்கு ஒரு தடவை அமுக்கும். நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து, பிபி இறங்கிவிடும். ஓடுகிற வண்டியில் நின்று பழகினால்தான் இது பிடிபடும்.

உங்களால் முடியாத காரியம் இல்லை. 2023-ல் இதயம் காப்போம் திட்டம் வந்தபோது, மாரடைப்பு என்று வருகிறவருக்கு ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8 என்று 14 மாத்திரையை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்க வைத்தீர்கள். பெரிய ஆஸ்பத்திரி வேலையைக் கிராமத்துக்குக் கொண்டுவந்தீர்கள். பயிற்சிக்கும் அதே வழிதான்.

முதல் ஒத்திகைக்குக் கரையோரத்தில் எந்த மருத்துவமனைக்கு வேண்டுமானாலும் போங்கள். முன்கூட்டிச் சொல்லாமல், இரவு 2 மணிக்குப் போங்கள். போனதும் சிலிண்டர் சாவி எங்கே என்று கேளுங்கள். எங்களிடம் இப்போது அது சணல் கயிற்றில் கட்டி சிலிண்டரிலேயே தொங்குகிறது.

இப்படிக்கு,
கடலோரத்து ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்தி