பழமா, பலமா?

அன்புத் தோழி,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்து இப்போதுதான் வீட்டுக்குள் தனியாக நடமாடுகிறார். ராத்திரி அவருக்குச் சொட்டு மருந்து விட்ட பிறகுதான் கணினி முன்னால் உட்காரவே முடிகிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். நிரல் எழுதத் தெரியாமலே பாடப் பக்கத்தில் பிள்ளைகள் தொட்டுப் பார்த்து விடை சொல்கிற மாதிரி ஏதாவது வைக்கலாமா என்றாய். தாராளமாக வைக்கலாம். நான் பயன்படுத்துவது எச்5பி (H5P), இப்படிப்பட்ட பயிற்சிகளைச் செய்வதற்கென்றே உள்ள கருவி. 2013-இல் நார்வேயில் தொடங்கியது, இலவசம், வலைத்தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸில் பிளகினாக, அதாவது துணைக்கருவியாகச் சேர்த்துக்கொள்ளலாம். கோடிட்ட இடம், நடுவில் நின்று கேள்வி கேட்கிற வீடியோ, புரட்டுகிற அட்டை என்று எல்லாம் தயாராக இருக்கும், உன் பாடத்தை உள்ளே நிரப்பினால் போதும். சேமித்ததும் சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு சின்ன வரி தரும், அதைப் பக்கத்தில் வேண்டிய இடத்தில் ஒட்டிவிடு. விடையை மட்டும் மறைத்து வைத்தால் போதும் என்றால் இதுகூட வேண்டாம், வேர்ட்பிரஸிலேயே 2023 முதல் டீடெய்ல்ஸ் பிளாக் இருக்கிறது, தொட்டால் விரியும், அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்தது கோடிட்ட இடம்தான். 'அணில் *பழம்/கனி* தின்றது' என்று அடித்தால் நட்சத்திரக் குறிகளுக்கு நடுவில் இருப்பது கட்டமாகிவிடும், சாய்கோட்டுக்கு இரண்டு பக்கமும் உள்ள எந்தச் சொல்லை எழுதினாலும் சரி என்று எடுத்துக்கொள்ளும்.

இதில்தான் எனக்கு ஒரு சறுக்கல் நடந்தது. ஏழாம் வகுப்புக்கு ல, ள, ழ பயிற்சி செய்தேன். அமைப்புகளில் சின்ன எழுத்துப்பிழைகளை ஏற்றுக்கொள்ளச் சொல்லும் ஒரு பெட்டி இருந்தது, பிள்ளைகள் கைபேசியில் தடுமாறுவார்களே என்று இரக்கப்பட்டு டிக் செய்துவிட்டேன். மறுநாள் ஒரு பெண் வந்து, "டீச்சர், பழத்துக்கு எந்த 'ல' போட்டாலும் சரியா?" என்றாள். வாங்கிப் பார்த்தால் 'பலம்' என்று எழுதியிருக்கிறாள், பக்கத்தில் பச்சை டிக்! எதைச் சொல்லிக்கொடுக்க அந்தப் பயிற்சியைச் செய்தேனோ அதையே தவறாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்று இரவு தூக்கமே வரவில்லை.

ஒவ்வொரு சொல்லாகப் போட்டுப் பார்த்தேன். மழைக்கு 'மலை' என்று எழுதினால் தவறு என்றது, பழத்துக்கு மட்டும் விட்டுவிட்டது. காரணம் தெரிந்தபோது ஆச்சரியமாக இருந்தது. விடை மூன்று எழுத்தைத் தாண்டினால் ஒரு எழுத்துப் பிழையை மன்னிக்கும். நமக்குப் பழம் மூன்றெழுத்துதான், ஆனால் கணினி எழுத்துகளைச் சேமிக்கிற யூனிகோடு முறையில் புள்ளி தனிக் கணக்கு, ப, ழ, ம, புள்ளி என்று நான்கு. மழையில் ம, ழ, ஐகாரக் குறி, மூன்றோடு முடிந்துவிட்டது. டிக்கை எடுத்தேன், எல்லாம் சரியாயிற்று. ஆகவே நீ எதைச் செய்தாலும் வேண்டுமென்றே தப்பு விடை போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் வகுப்புக்குக் கொடு. தமிழ் எழுத்தை மனதில் வைத்து அந்த அமைப்புகள் எழுதப்படவில்லை, அதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உன் பூவின் பாகங்கள் பாடத்துக்குப் படத்தில் தொடுபுள்ளி வைக்கிற வகை சரியாக இருக்கும். படத்தை ஏற்றி, புல்லி வட்டம் எங்கே, அல்லி வட்டம் எங்கே என்று அந்தந்த இடத்தில் தட்டி விளக்கம் எழுது. ஆனால் செம்பருத்தியில் மகரந்தத்தாள் குழல் சூலகத் தண்டைச் சுற்றியே நிற்கிறதல்லவா, இரண்டு புள்ளியும் நெருங்கிவிடும், கைபேசியில் விரல் வைத்தால் எது திறக்கும் என்றே தெரியாது. பூவை நீளவாக்கில் வெட்டி அந்தப் பகுதியை மட்டும் பெரிதாகத் தனிப் படம் எடு. சொல்லை இழுத்துப் போடுகிற வகை இப்போதைக்கு வேண்டாம், என் பிள்ளைகளுக்குச் சின்னத் திரையில் சொல்லுக்குப் பதில் பக்கமே நகர்ந்து படுத்துகிறது.

என் ல, ள, ழ பயிற்சியைக் கோப்பாக இணைத்திருக்கிறேன். உன் தளத்தில் ஏற்றித் திறந்தால் அப்படியே திருத்தலாம், சொற்களை மாற்றி உன் பாடத்துக்குப் பழகிப் பார். ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்கு ஓய்வுதான், அதற்குள் செம்பருத்திப் படத்தை அனுப்பு, போனில் பேசிக்கொண்டே சேர்ந்து செய்துவிடலாம். அம்மா உன்னை விசாரித்தார்.

அன்புடன்,
உன் தோழி