சரியாக எழுதிய விடைக்கு மதிப்பெண் கொடுங்கள்

பள்ளி இறுதித் தேர்வின் ஆங்கில வினாத்தாள் குழுவினருக்கும் விடைக்குறிப்பு தயாரிக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

இறுதித் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் ஆங்கில ஆசிரியை நான். வினாத்தாள் அமைப்பும் மதிப்பெண் பங்கீடும் நீங்கள் வகுத்தவைதான், அதை உங்களுக்கே விளக்க வரவில்லை. போன மாதம் மாதிரித் தேர்வில் என் கையாலேயே ஒரு தவறு நடந்துவிட்டது. அன்றிலிருந்து மனசு சரியில்லை. அதனால்தான் இந்த மடல்.

நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றச் சொல்லும் கேள்வி அது. "நான் நாளை வருவேன்" என்று அவன் என்னிடம் சொன்னான் என்ற எளிய வாக்கியம். வினாத்தாளோடு வந்த விடைக்குறிப்பில், "ஹீ டோல்ட் மீ தட் ஹீ வுட் கம் த நெக்ஸ்ட் டே" என்று இருந்தது. என் மாணவி ஒருத்தி, "ஹீ டோல்ட் மீ ஹீ வுட் கம் த ஃபாலோயிங் டே" என்று எழுதியிருந்தாள். 'தட்' என்ற சொல்லை விட்டிருக்கிறாள், 'நெக்ஸ்ட்' என்பதற்குப் பதில் 'ஃபாலோயிங்' போட்டிருக்கிறாள். இரண்டுமே ஆங்கிலத்தில் சரி என்பது உங்களுக்கும் தெரியும். ஆனால் விடைக்குறிப்பில் உள்ளபடி இருந்தால் மட்டுமே மதிப்பெண் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நானும் சிவப்புப் பேனாவால் சுழித்துப் பூஜ்யம் போட்டேன்.

தாளை வாங்கிக்கொண்டு போனவள் மறுபடி என் மேசைக்கு வந்து நின்றாள். "இதுல என்ன தப்பு மிஸ்?" என்று கேட்டாள். "தப்பு இல்லம்மா, கீயில இல்ல" என்றேன். வேறு என்ன சொல்வது? அவள் மதிப்பெண்ணுக்காகச் சண்டை போடவில்லை. சரி மிஸ் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்த ஒரு வாக்கியத்தை எழுத ஒரு தமிழ்ப் பிள்ளை எவ்வளவு தூரம் நடந்து வர வேண்டியிருக்கிறது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தமிழில் ஒருவர் சொன்னதைச் சொல்ல 'என்று' என்ற ஒரு சொல் போதும். "நாளைக்கு வரேன்னு சொன்னான்." அவன் வாயில் வந்த 'நாளை' அப்படியே இருக்கிறது, 'வரேன்' அப்படியே இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஐ' என்பது 'ஹீ' ஆக வேண்டும், 'வில்' என்பது 'வுட்' ஆக வேண்டும், 'டுமாரோ' வேறு சொல்லாக மாற வேண்டும். மூன்றையும் ஒரே நேரத்தில் மனதில் பிடித்துக்கொண்டு, வினைச்சொல்லைக் கடைசியில் வைக்கும் நம் பழக்கத்தையும் விட்டுவிட்டு எழுத வேண்டும். அந்தப் பெண் அவ்வளவையும் செய்தாள். அதுவும் மனப்பாடத்திலிருந்து எடுத்து எழுதவில்லை, யோசித்து எழுதினாள். யோசித்து எழுதியதால்தான் விடைக்குறிப்போடு ஒத்துப்போகவில்லை.

அவளிடம் நீளமான ஒரு நோட்டு உண்டு. இடது பக்கத்தில் புதுச் சொல், வலது பக்கத்தில் அந்தச் சொல்லை வைத்து அவளே எழுதிய வாக்கியம். 'அபண்டன்ட்' என்ற சொல்லுக்கு எதிரே, மழைக்குப் பிறகு கிணற்றில் தண்ணீர் ஏராளமாக இருந்தது என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே சின்னதாக 'ஆம்பிள்', 'பிளென்டிஃபுல்' என்று இரண்டு சொற்களைக் குறித்திருந்தாள். அதே மாதிரித் தேர்வில் 'அபண்டன்ட்' என்பதற்கு இணைச்சொல் கேட்டிருந்தார்கள். 'ஆம்பிள்' என்று எழுதினாள். விடைக்குறிப்பில் இருந்தது 'பிளென்டிஃபுல்' மட்டும். அதற்கும் பூஜ்யம்.

போன வாரம் அந்த நோட்டைத் திருத்த வாங்கினேன். அந்தத் தேர்வுக்குப் பிறகு எழுதிய இடது பக்கங்களில் சொற்கள் வரிசையாக இருக்கின்றன, பக்கத்திலேயே பாடநூலில் கொடுத்த ஒரே ஒரு பொருள். அவற்றின் வலது பக்கங்கள் எல்லாம் வெறுமையாக இருக்கின்றன. ஏனம்மா என்று கேட்டதற்கு, "அது எதுக்கு மிஸ், டைம் வேஸ்ட்" என்றாள். எனக்குக் கிடைக்காத நேரத்தை அவள் அந்த வாக்கியங்களுக்குச் செலவழித்து வந்தாள். அதை நிறுத்த வைத்தது உங்கள் விடைக்குறிப்பும் என் சிவப்புப் பேனாவும்தான்.

எனவே கேட்கிறேன். இலக்கணப்படி சரியாக இருந்து, பொருளும் மாறாமல் இருந்தால், விடைக்குறிப்பில் இல்லாவிட்டாலும் அந்த விடைக்கு முழு மதிப்பெண் கொடுக்கச் சொல்லுங்கள்.

சொற்களைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் டாக்காவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். ஆங்கிலம் கற்பவர்களுக்கு மிகவும் உதவும் சொற்கள் என்று சுமார் 2000 சொற்களைத் தேர்ந்தெடுத்து 1953-இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் எனக்குப் பிடித்த விஷயம், ஒரு சொல்லின் எந்தப் பொருள் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்று தனித்தனியாகக் கணக்குக் காட்டியிருப்பது. பட்டியல் போட்டவரே சொல்லைத் தனியாக நிறுத்திப் பார்க்கவில்லை. நம் வினாத்தாளில் 'ஃபைன்' என்று ஒரு சொல்லை மட்டும் போட்டு இணைச்சொல் எழுது என்கிறோம். நலமாக இருப்பதும் ஃபைன், மெல்லிய நூலும் ஃபைன், கட்ட வேண்டிய அபராதமும் ஃபைன். எந்த ஃபைன் என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? சொல்லை ஒரு வாக்கியத்துக்குள் வைத்துக் கேளுங்கள். அச்சில் ஒரு வரி கூடும், அவ்வளவுதானே.

பயிற்சி எப்படிச் செய்ய வேண்டும் என்று நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். படித்ததையே திரும்பத் திரும்பப் படிக்காதே, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார் என்கிறோம். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் ஞாபகம் இருந்தது. நானும் வகுப்பில் இதை வருடக்கணக்காகப் பார்த்துவருகிறேன். ஆனால் இப்படிப் பழகும் பிள்ளைக்கு வாக்கியம் தன் சொந்த வடிவில்தான் வரும். 'தட்' விட்டுப்போகும், 'நெக்ஸ்ட்' என்பது 'ஃபாலோயிங்' ஆகும். நல்ல முறையில் பழகியவளுக்கு மதிப்பெண் போகிறது, வழிகாட்டி நூலின் வரியை அச்சுப் பிசகாமல் ஒப்பித்தவனுக்குக் கிடைக்கிறது. அவனையும் நான் குறை சொல்லவில்லை. அவன் தேர்வைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறான்.

செயப்பாட்டுவினைக்கும் இதே கதைதான். "கதவைச் சாத்து" என்பதை மாற்றச் சொன்னால் "லெட் த டோர் பி குளோஸ்ட்" என்று எழுத வேண்டும் என்று ஆண்டாண்டாகப் பிள்ளைகளைப் பழக்குகிறோம். ஆங்கிலம் பேசும் வீடு எதிலாவது யாராவது இப்படிச் சொல்லிக் கதவைச் சாத்தச் சொல்வார்களா? செய்தவர் யார் என்று தெரியாதபோதும், அவர் முக்கியமில்லாதபோதும் வருவது செயப்பாட்டுவினை. நம் பிள்ளைகளுக்கு இது புதிதே இல்லை. கண்ணாடியை உடைத்தவன் தான்தான் என்று சொல்ல விரும்பாத குழந்தை, "உடைஞ்சுபோச்சு" என்று சொல்லும். வினையின் வடிவம் ஆங்கிலத்துடையது இல்லை, ஆனால் செய்தவரை மறைக்கும் அந்தத் தேவை ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்தினால் பத்து நிமிடத்தில் புரிகிறது. ஆனால் நடத்த நேரமில்லை, 'லெட்' வாக்கியங்களை ஒப்பிக்க வைக்கவே நேரம் போதவில்லை. இப்படிப் பல வருடம் ஆங்கிலம் படித்துவிட்டு, தனக்கு வேண்டிய ஒரு விடுப்புக் கடிதத்தைச் சொந்தமாக எழுதத் தயங்கும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கோபம் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், கோபத்தை மறைக்கத் தெரியவில்லை.

உங்கள் சிரமமும் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆயிரக்கணக்கான தாள்கள், குறைந்த நாட்கள், பல கைகள் திருத்தும் வேலை. ஆளுக்கு ஒரு மாதிரி மதிப்பெண் போட்டால் அது இன்னொரு அநியாயம். ஆனால் ஒரே சீராக இருக்க வேண்டும் என்பதற்காகச் சரியானதைத் தவறு என்று எல்லோரும் சீராகச் சொல்வதா? திருத்தத் தொடங்கும் முதல் நாள் காலையில், பிள்ளைகள் எழுதிய வேறு வேறு விடைகளைச் சேகரித்து, எவை சரி என்று முடிவுசெய்து எல்லோருக்கும் சொல்லிவிடலாம். ஓர் ஆசிரியருக்குச் சந்தேகம் வந்தால் பூஜ்யம் போடுவதற்கு முன் கேட்பதற்கு ஒருவரை வைக்கலாம். இரண்டுக்கும் பெரிய செலவு இல்லை.

தயவுசெய்து இந்த முறை விடைக்குறிப்பின் மேலே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: "இலக்கணப் பிழையின்றி, பொருள் மாறாமல் எழுதப்பட்ட பிற விடைகளுக்கும் முழு மதிப்பெண் வழங்கவும்." அதைத் திருத்துபவர்கள் எல்லோருக்கும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் தேர்வுக்கு முன்பே அறிவித்துவிடுங்கள். இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. அறிவிப்பு வந்த அன்றே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, வலது பக்கங்களை எழுதத் தொடங்கம்மா என்று சொல்லிவிடுவேன்.

மிகுந்த பணிவுடன்,
ஓர் ஆங்கில ஆசிரியை